நடுவரின் இன்னொரு கை

துறைமுகத்துக்குச் சரக்கு ரயில் போகும் தண்டவாளத்தை ஒட்டி ஒரு குத்துச்சண்டை மன்றம் இருந்தது. தகரக் கூரை, நடுவில் ஒரு ரிங், மூலைக்கு ஒன்றாக மணல் மூட்டைகள். கிழக்குச் சுவரில் மூன்றே மூன்று படங்கள். நாதமுனி, டெரன்ஸ், கௌஸ் பாஷா.

அந்தச் சுவருக்கு ஒரு விதி உண்டு. ஒருமுறைகூடத் தோற்காமல் விலகியவர்களின் படம் மட்டும்தான் அங்கே ஏறும். டெல்லிக்குப் போய்த் தங்கப் பதக்கமே வாங்கி வந்தாலும் சரி, எங்கேயாவது ஒரு தோல்வி இருந்தால் படத்தை வீட்டில் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

ஃபிரேமும் ஒரே அளவுதான். நாதமுனிக்கு வாங்கிய அளவிலேயே மற்ற இருவருக்கும் வாங்கினார்கள். அந்தப் படங்களை யாரும் தொடக்கூடாது. ஆயுத பூஜையன்று மாஸ்டர் மட்டும் துடைத்து மாலை மாற்றுவார்.

மூன்று படங்களும் ஒன்றுபோலவே இருக்கும். ஜெயித்தவர் நிற்பார், பக்கத்தில் வெள்ளைச் சட்டை போட்ட நடுவர். நடுவரின் ஒரு கை ஜெயித்தவரின் கையைத் தூக்கிப் பிடித்திருக்கும். இன்னொரு கை அந்தப் பக்கமாக நீண்டு ஃபிரேமின் கட்டையில் போய் முடிந்துவிடும். அது யாருடைய கையைப் பிடித்திருக்கிறது என்று ஒருவரும் கேட்டதில்லை. ஜெயித்தவர் இருக்கும்போது அந்தப் பக்கம் யார் பார்ப்பார்கள்?

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் எஸ்தர் வந்தாள். செய்தித்தாளில் சுற்றிய ஒரு ஃபிரேமைக் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு வந்தாள்.

எஸ்தருக்கு வயது முப்பத்திரண்டு. ரயில்வேயில் வேலை. அந்த வேலையும் குத்துச்சண்டை வாங்கிக் கொடுத்ததுதான். அவளுடைய இடது கை ஊருக்கே தெரியும். இதுவரை அவள் தோற்றதில்லை. அடுத்த மாதம் மாநிலப் போட்டி. அதற்கு முன்பே விலகிவிடுகிறேன் என்று மன்றத்தில் சொல்லிவிட்டாள். முட்டி வலி என்றாள். எல்லோரும் நம்பினார்கள். முட்டி வலிக்கிறவள் எப்படி மாடி மாடியாக ஏறி எல்லோருக்கும் ஸ்வீட் கொடுத்தாள் என்று யாருக்கும் தோன்றவில்லை.

உண்மையில் நடந்தது வேறு. போன மாதம் அவள் ஒரு போட்டியைப் பார்க்கப் போயிருந்தாள். எண்ணூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி, பெயர் மோனிஷா, அவளுடைய எடைப் பிரிவில் ஆடினாள். இரண்டாவது சுற்றில் எதிரியைக் கீழே சாய்த்தாள். இடது கையால். எஸ்தர் விடும் அதே குத்து. கேலரியில் உட்கார்ந்திருந்த எஸ்தர் எழுந்து வெளியே வந்துவிட்டாள். அடுத்த மாதம் எதிரே நிற்கப்போவது இவள்தான். வீட்டுக்குத் திரும்பும்போது பஸ்ஸிலேயே அவளுக்கு முட்டி வலிக்க ஆரம்பித்துவிட்டது.

துரைக்கண்ணு மாஸ்டர் ரிங்கின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். துவைத்துக் காயவைத்த கைப்பட்டைகளை ஒவ்வொன்றாகச் சுருட்டிக்கொண்டிருந்தார். குத்துவதற்கு முன் கையில் சுற்றிக்கொள்ளும் துணி அது. எழுபது வயதிலும் அந்த வேலையை அவர் யாரிடமும் விடுவதில்லை.

"மாஸ்டர், படம் ரெடி."

"ம்."

"எங்க மாட்டலாம்?"

"செவுத்துலதான்."

"அது தெரியும் மாஸ்டர். யாரு பக்கத்துல?"

இதற்குத்தான் பன்னீர் காத்திருந்தார். பன்னீர் மன்றத்தின் செயலாளர். வாழ்க்கையில் ஒரு குத்துக்கூட வாங்கியதில்லை. அதனால் குத்துச்சண்டையைப் பற்றி அவருக்குத் தெரியாதது எதுவுமில்லை.

"இன்னாம்மா கேள்வி இது? நாதமுனி பக்கத்துலதான். மூணு பேர்ல அவருதான் பெரிய ஆளு. எவனையாவது மூணாவது ரவுண்டு வரைக்கும் நிக்க வுட்டாரா?"

"ஆனா அவரு மெட்ராஸத் தாண்டி எங்கயும் போகலியேண்ணா," என்றாள் எஸ்தர். "இங்க இருக்கிறவங்களையே அடிச்சாரு. கல்யாணம் ஆச்சு, நிறுத்திட்டாரு. டெரன்ஸ் கல்கத்தா போயி ஜெயிச்சாரு, பம்பாய் போயி ஜெயிச்சாரு."

"எல்லாம் பாயின்ட்டுல ஜெயிச்சது! தொட்டுட்டு ஓடிடுவாரு. நல்லா ஆடிக்கினு இருக்கும்போதே ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறிட்டாரு. இன்னும் ரெண்டு வருஷம் இருந்திருந்தா இன்னா ஆயிருக்குமோ?"

"அப்ப கௌஸ் பாஷா? நாப்பது வயசு வரைக்கும் ஆடுனாரு. வெலா எலும்பு உடைஞ்சும் ஆடி ஜெயிச்சாரே."

"கடைசியில அவரு கூட ஆடுனவன்லாம் யாரு? எல்லாம் பேரன் எடுத்தவனுங்கோ."

எஸ்தருக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவளுக்கு இது விளையாட்டு இல்லை. கூட வேலை பார்ப்பவர்கள், உறவுக்காரர்கள், தேவாலயத்தில் பக்கத்தில் உட்காருபவர்கள் என்று எல்லோரிடமும் சுவரில் படம் ஏறப்போவதைச் சொல்லிவிட்டாள். அங்கே ஏறிவிட்டால் அப்புறம் யாரும் தன்னைத் தொடமுடியாது என்று அவளுக்குத் தோன்றியது. மோனிஷாகூட.

"மூணு பேரும் ஒருத்தர் கூட ஒருத்தர் ஆடவே இல்ல," என்றாள். "ஒருத்தரு விட்டப்புறம்தான் அடுத்தவரு வந்தாரு. யாரு பெரியவருன்னு எப்படித்தான் கண்டுபிடிக்கிறது? மாஸ்டர், நீங்க சொல்லுங்க. நீங்க மூணு பேரையும் பாத்திருக்கீங்க."

"பாத்திருக்கேன்."

"யாரு மாஸ்டர்?"

மாஸ்டர் ஒரு பட்டையைச் சுருட்டி முடித்தார். அடுத்ததை எடுத்தார்.

எஸ்தர் இன்னொரு கேள்வி கேட்டாள். மன்றத்தில் எல்லோர் மனதிலும் இருந்த கேள்விதான், கேட்க யாருக்கும் தைரியம் வந்ததில்லை. மாஸ்டரும் தோற்காமல் விலகியவர்தான், தன் படத்தைத் தானே மாட்டிக்கொள்வதா என்ற அடக்கத்தால்தான் மாட்டாமல் இருக்கிறார் என்பது அங்கே எல்லோருக்கும் இருந்த நம்பிக்கை. அவர் காலத்து ஆட்கள் இப்போது யாரும் அந்தப் பக்கம் வருவதில்லை.

"உங்க படம் மட்டும் ஏன் மாஸ்டர் இல்ல? இன்னிக்கி என்னுதோட சேத்து உங்களுதையும் மாட்டிடலாமே."

"என்னுது இல்லன்னு யாரு சொன்னது?" என்றார் மாஸ்டர். "இருக்குதே. மூணு இருக்குது."

பன்னீர் சுவரைப் பார்த்தார். எஸ்தரும் பார்த்தாள். நாதமுனி, டெரன்ஸ், கௌஸ் பாஷா. வேறு படம் ஏதுமில்லை.

மாஸ்டர் எழுந்தார். ஸ்டூலை இழுத்துக்கொண்டு போய்ச் சுவர் அருகே போட்டார். ஏறி, நாதமுனியின் படத்தை ஆணியிலிருந்து கழற்றினார்.

மன்றத்தில் கயிறு தாண்டும் சத்தம் நின்றது. மணல் மூட்டையைக் குத்திக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள்.

"மாஸ்டர்! இன்னா பண்றீங்கோ? கால் தவறி வுழுந்தாகூட அது மேல கை வெக்கக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்கோ?" என்று பதறினார் பன்னீர்.

"இந்தா, மாலையப் புடி."

பன்னீர் மாலையை வாங்கிக்கொண்டார். கழுத்தில் போடுவதா கீழே வைப்பதா என்று தெரியாமல் இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு நின்றார். மூன்று படங்களும் இறங்கின. சுவரில் அவை இருந்த இடம் மட்டும் புதுச் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுப்பாக இருந்தது.

மாஸ்டர் தரையில் உட்கார்ந்தார். ஒரு பையனிடம் குறடு ஒன்றை வாங்கி, நாதமுனி படத்தின் பின்பக்கத்தில் அடித்திருந்த சிறிய ஆணிகளைப் பிடுங்கினார். அட்டையை எடுத்தார். பிறகு படத்தை வெளியே உருவினார்.

படம் ஃபிரேமைவிடப் பெரியதாக இருந்தது. ஒரு பக்கம் பின்னால் மடிக்கப்பட்டிருந்தது. மாஸ்டர் மடிப்பைப் பிரித்துத் தரையில் வைத்துக் கையால் நீவினார்.

நடுவரின் இன்னொரு கை முடிந்த இடம் இப்போது தெரிந்தது. அது ஒரு ஒல்லியான பையனின் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. அவனுடைய ஒரு கண் வீங்கி முழுசாக மூடிப்போயிருந்தது. உதடு கிழிந்திருந்தது.

எஸ்தர் குனிந்து பார்த்தாள். அவள் கண் அவன் காதில் போய் நின்றது. இடது காதின் மேல்மடல் சற்று மடங்கியிருந்தது. அதே காது அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்திருந்தது.

"மாஸ்டர்... இது நீங்களா?"

மாஸ்டர் அடுத்ததைப் பிரித்தார். டெரன்ஸுக்குப் பக்கத்திலும் அதே ஆள். இப்போது மீசை இருந்தது. இந்த முறை இன்னொரு கண் வீங்கியிருந்தது.

மூன்றாவதையும் பிரித்தார். கௌஸ் பாஷாவுக்குப் பக்கத்திலும் அவர்தான். மூக்கு கோணிப்போய் ரத்தம் மார்புவரை இறங்கியிருந்தது. அந்தப் படத்தில் அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

பன்னீர் மாலைகளைக் கீழே போட்டுவிட்டார். போட்டது அவருக்கே தெரியவில்லை.

"மூணு பேர்கிட்டயும் தோத்தீங்களா?" என்றார்.

"மூணு பேர்கிட்டயும்."

"யாரு இத்த மடிச்சது?"

"ஃபிரேம் கடைக்காரன். ஃபிரேம் சின்னது, படம் பெருசு. வெட்டட்டுமான்னு கேட்டான். வெட்டாத, மடின்னு சொன்னேன்."

எஸ்தருக்குக் கோபம் வந்தது. ஏன் என்று அவளுக்கே புரியவில்லை. இத்தனை வருஷமாகத் தோற்காத ஒருவரின் காலடியில் உட்கார்ந்து கற்றுக்கொண்டதாக அவள் நினைத்திருந்தாள். இவரோ தோற்றவர், அதுவும் ஒன்றுக்கு மூன்று தடவை தோற்றவர். யாரோ தன் வீட்டுக் கூரையைப் பிரித்துப் போட்டதுபோல் இருந்தது.

"எங்ககிட்ட ஏன் மாஸ்டர் சொல்லல?"

"நீங்க கேக்கலியே."

"இதுல ஏன் சிரிக்கிறீங்க?" மூன்றாவது படத்தைக் காட்டிக் கேட்டாள்.

மாஸ்டர் படத்தை உற்றுப் பார்த்தார். அந்தச் சிரிப்பு இப்போதும் லேசாக அவர் முகத்தில் வந்தது.

"கடைசி ரவுண்டுல கௌஸ் ஒண்ணு வுட்டாரு. எடது கை. கீழ எறங்கி, தோளு திரும்பி, எங்கேர்ந்து வந்துச்சுன்னே தெரியல. படுத்துட்டேன். அந்த மாதிரி ஒரு குத்து நான் பாத்ததே இல்ல. எந்திரிச்சதும் அவருகிட்டப் போயி, 'பாய், அது எங்கேர்ந்து வந்துச்சு?'ன்னு கேட்டேன். கேட்டுட்டு வந்து நின்னப்ப எடுத்த படம் இது."

எஸ்தர் தன் இடது கையைப் பார்த்தாள்.

"நாதமுனிகிட்ட வாங்குனத டெரன்ஸுக்குக் குடுத்தேன்," என்றார் மாஸ்டர். "டெரன்ஸ்கிட்ட வாங்குனத கௌஸுக்குக் குடுத்தேன். கௌஸ்கிட்ட வாங்குனது என் கையிலயே தங்கிப்போச்சு. அத்த உனக்குக் குடுத்தேன்."

சரக்கு ரயில் ஒன்று தகரத்தை அதிரவைத்துக்கொண்டு போனது. அது போய் முடிந்ததும் பன்னீர் மெல்ல ஆரம்பித்தார். என்ன அதிர்ச்சியாக இருந்தாலும் அவருடைய கேள்வி அவருக்கு.

"மாஸ்டர், மூணு பேர்கிட்டயும் அடி வாங்குன ஒரே ஆளு நீங்கதான். அப்ப உங்களுக்குத்தான் தெரியும். மெய்யாலுமே யாரு பெரிய ஆளு?"

"இதே கேள்விய அவங்க மூணு பேருமே கேட்டாங்க."

"யாரு? அவங்களேவா?"

"நாதமுனி ஆஸ்பத்திரியில படுத்திருக்கும்போது ஆளு அனுப்புனாரு. ஓடுனேன். கையப் புடிச்சிக்கினு கேட்டாரு, 'தொரைக்கண்ணு, உண்மையச் சொல்லு. டெரன்ஸ் என்னைவிட வேகமா?' டெரன்ஸ் கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் போன் பண்றாரு. ஹாப்பி கிறிஸ்துமஸ் சொல்லிட்டு அடுத்தது, 'கௌஸ் என்ன மாதிரி?' கௌஸ் இப்ப ஆம்பூர்ல மகன் வூட்ல இருக்காரு. போன ரம்ஜானுக்குப் போனேன். பிரியாணியப் போட்டுட்டு எதுர்ல உக்காந்து அவரும் அதையேதான் கேட்டாரு."

பன்னீருக்கு வாய் மூடவில்லை. ஊரே தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடிய மூன்று பேரும், தாங்கள் அடித்துச் சாய்த்த ஒருவரிடம் வந்து நின்று கேட்டிருக்கிறார்கள்.

"நீங்க இன்னா சொன்னீங்கோ?"

"மூணு பேருகிட்டயும் 'நீதான்'னேன்."

"அது பொய்யி. உண்மையச் சொல்ல வேண்டியதுதான?"

"சொன்னா ரெண்டு பேரு தோத்துடுவாங்க," என்றார் மாஸ்டர். "அவங்களுக்குத் தோத்துப் பழக்கம் இல்ல. தாங்க மாட்டாங்க."

இதைச் சொல்லும்போது அவர் எஸ்தரைப் பார்க்கவில்லை. ஆனால் எஸ்தருக்கு முகத்தில் அறைந்ததுபோல் இருந்தது. முட்டியில் இருந்த அவள் கை தானாகவே விலகியது.

"உன்னுத பிரி," என்றார் மாஸ்டர்.

"என்னுதா?"

"ஆமா."

செய்தித்தாளைக் கிழித்தாள். புதுக் கண்ணாடிக்குள் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். சிவப்பு பனியன், தூக்கிய கை, பக்கத்தில் நடுவர். அது இறுதிப் போட்டிகூட இல்லை, மூன்று வருஷத்துக்கு முந்தைய ஏதோ ஒரு கால் இறுதி. சிரிப்பு நன்றாக விழுந்திருக்கிறது என்று பன்னீர்தான் தேர்ந்தெடுத்தார். நடுவரின் இன்னொரு கை ஃபிரேமின் கட்டையில் முடிந்திருந்தது.

அவளுக்கு இப்போது ஞாபகம் வந்தது. ஃபிரேம் கடைக்காரர் ஏதோ கேட்டார். அவள் யாருக்கோ போனில் படம் ஏறப்போவதைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். "எப்படி வேணா பண்ணுங்கண்ணா" என்று கையைக் காட்டிவிட்டு வந்துவிட்டாள். அவர் வெட்டியிருந்தால்?

குறடு அவள் கையில் வழுக்கியது. ஒரு ஆணி விரலைக் கிழித்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை. அட்டையை எடுத்தாள், படத்தை உருவினாள். மடிப்பு இருந்தது. வெட்டியிருக்கவில்லை.

பிரித்தாள்.

நீல பனியன் போட்ட ஒரு சிறு பெண். ஈர முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. கன்னம் சிவந்து உப்பியிருந்தது. அவள் கேமராவைப் பார்க்கவில்லை, அழவும் இல்லை. எஸ்தரின் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரும்மா இந்தப் பொண்ணு?" என்றார் பன்னீர்.

"பேரு... தெரியலண்ணா. எத்தன பேரு கூட ஆடியிருக்கேன்."

"நல்லாப் பாரு," என்றார் மாஸ்டர்.

எஸ்தர் படத்தை வெளிச்சத்தில் பிடித்தாள். வலது புருவத்தை நடுவில் வெட்டியதுபோல் ஒரு தழும்பு. அந்தப் புருவத்தைப் போன மாதம் கேலரியிலிருந்து பார்த்திருந்தாள்.

"மோனிஷா!"

சத்தமாகவே சொல்லிவிட்டாள். மன்றத்தில் எல்லோரும் திரும்பினார்கள்.

அதற்கப்புறம் மீதியும் ஞாபகம் வந்தது, வேண்டாம் என்றாலும் வந்தது. அன்றைக்கு உடை மாற்றும் அறை வாசலில் அந்தப் பெண் நின்றுகொண்டிருந்தாள். "அக்கா, அந்த லெஃப்ட் எங்கேர்ந்து வந்துச்சு?" என்று கேட்டாள். எஸ்தர் சிரித்தாள். அவசரத்தில் அங்கேயே நின்று தோளை எப்படித் திருப்ப வேண்டும் என்று காட்டினாள். பிறகு மறந்துபோனாள்.

"நான்தான் மாஸ்டர் அவளுக்குச் சொல்லிக் குடுத்தேன்," என்றாள். "நானேதான்."

மாஸ்டர் தலையசைத்தார்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"போன மாசம் நானும் அந்தப் போட்டிக்கு வந்திருந்தேன். உனக்கு ரெண்டு வரிசை பின்னாடி உக்காந்திருந்தேன். அந்தக் குத்தப் பாத்ததும் நான் எந்திரிச்சுக் கை தட்டுனேன். நீ எந்திரிச்சு வெளிய போயிட்ட."

எஸ்தர் தரையில் உட்கார்ந்துவிட்டாள். வெட்கம் முகத்தில் நெருப்பாகச் சுட்டது. இத்தனை நாளும் முட்டி வலி, முட்டி வலி என்று இவரிடம் வந்து சொன்னதெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. ஒவ்வொரு முறையும் அவர் எண்ணெய் எடுத்து நீவிவிட்டிருந்தார்.

நான்கு படங்களும் தரையில் வரிசையாகக் கிடந்தன. நான்கிலும் மடிப்பு விழுந்த இடத்தில் ஒரு வெள்ளைக் கோடு. நான்கிலும் நடுவரின் இரண்டு கைகளும் முழுசாகத் தெரிந்தன.

மாஸ்டர் பழையபடி ரிங்கின் விளிம்பில் போய் உட்கார்ந்தார். மிச்சமிருந்த பட்டையை எடுத்துச் சுருட்ட ஆரம்பித்தார்.

வெகுநேரம் கழித்து எஸ்தர் எழுந்தாள். அவர் முன்னால் போய் நின்றாள். இரண்டு கைகளையும் நீட்டினாள். மாஸ்டர் சுருட்டிய பட்டையைப் பிரித்து, அவள் இடது கையில் சுற்றத் தொடங்கினார். விரலில் ரத்தம் வந்த இடத்தில் ஒரு சுற்று கூடுதலாகப் போட்டார்.

"மாஸ்டர்."

"ம்."

"அடுத்த மாசம் அவகிட்ட நான் தோத்துட்டா, என் படத்த எங்க மாட்டுவீங்க?"

மாஸ்டர் வெறுமையாகக் கிடந்த சுவரை நிமிர்ந்து பார்த்தார்.

"இங்கதான்," என்றார். "இதே படம்தான். ஃபிரேமைத்தான் இன்னும் கொஞ்சம் அகலமா பாத்து வாங்கணும்."